வலி அடங்கிய பல்: வினைக் கொள்கையும் வேர்ச் சிகிச்சையும்

உயிர் நுகரும் துன்பம் யாவும் அதன் முன்னை வினையின் பயன் எனக் கொள்ளும் ஒரு சமயம், அத்துன்பத்தை நீக்க முயலும் மருத்துவத்துக்கு எந்த இடத்தை அளிக்கிறது என்பது சைவசித்தாந்தத்துக்குப் புதிய வினா அன்று. ஆயினும் நோய்க்கு நோய் அவ்வினாவின் கூர்மை வேறுபடுகிறது. காய்ச்சலுக்கு மருந்துண்டவனின் உடற்சூடு தணிகிறது. முறிந்த எலும்பு கட்டப்பட்டபின் பொருந்துகிறது. இவ்விரண்டிலும் உறுப்பு தன் பழைய நிலைக்கு மீள்வதே சிகிச்சையின் முடிவாக உள்ளது. நோய்ப்பட்ட பல்லுக்குச் செய்யப்படும் வேர்ச் சிகிச்சையிலோ பல் வாயிலேயே நிறுத்தப்பட, வலியை உணர்த்திய அதன் உள்ளிழையம் முழுவதும் வெளியே எடுக்கப்படுகிறது. உறுப்பு நிற்க, உணர்ச்சி மட்டும் நீங்குகிறது. ஆதலால் வினையால் வந்த வலியை மருந்தால் மாற்றுவது தகுமா என்னும் பழைய வினாவோடு, உணர்ச்சியை அகற்றுவதும் நோயை அகற்றுவதும் ஒன்றுதானா என்னும் இரண்டாவது வினாவும் இங்கே சேர்ந்து எழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலைத்தேச மருத்துவமும் சைவ சாத்திரமும் தமிழிலேயே கற்பிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் இவ்விரு வினாக்களையும் தமிழ்ச் சொற்களைக் கொண்டே ஆராய இடமுண்டு.

முதலில் நோயின் இயல்பைத் தெளிவாக அறிதல் வேண்டும். பல்லின் புறத்தே மிளிரி எனப்படும் கடினமான எனாமல் ஓடும், அதனுள்ளே பன்முதல் எனப்படும் எலும்பை ஒத்த பகுதியும், நடுவிலுள்ள குழியிலும் அதிலிருந்து வேர் நுனிவரை இறங்கும் ஒடுங்கிய கால்வாய்களிலும் பற்கூழ் எனப்படும் மென்மையான இழையமும் அமைந்துள்ளன. பற்கூழுக்குரிய குருதிக் குழாய்களும் நரம்பு நார்களும் வேர் நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியாகவே உள்ளே வருகின்றன. யாழ்ப்பாணத்து வழக்கில் சூத்தை எனப்படும் சொத்தை மிளிரியையும் பன்முதலையும் அரித்து உள்ளே செல்லும்போது, அதனூடாக நுண்ணங்கிகள் பற்கூழை அணுக, அது அழற்சியுற்று வீங்க முயல்கிறது. உடலின் பிற பகுதிகளில் வீக்கத்துக்கு இடங்கொடுக்கத் தசையும் தோலும் உண்டு; பல்லுக்குள் நாற்புறமும் இறுகிய சுவரே இருப்பதால் வீங்க வழியற்ற இழையத்துக்குள் அமுக்கம் ஏறி, அவ்வூரார் பல்லுக்கொதி என்று சொல்லும் அந்தப் பொறுக்கவொண்ணாத வலி பிறக்கிறது. படுக்கும்போது தலைப்பகுதியில் குருதியின் அமுக்கம் கூடுவதால் அவ்வலி இரவிலே மிகுந்து உறக்கத்தைப் பறிக்கிறது. வீட்டிலே கராம்பை நசுக்கிப் பல்லிடுக்கில் வைக்கும் வழக்கம் வெறும் நம்பிக்கையன்று. கராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பை மரக்கச் செய்யும் தன்மையுடையது, அதே பொருளை நாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பல் வைத்தியர்களும் பயன்படுத்தி வந்துள்ளனர்.

இந்நோயின் போக்கில், பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையான ஒரு திருப்பம் உண்டு. அழற்சி முற்றிய பற்கூழ் இறந்துபோகும். இறந்தவுடன் வலி நின்றுவிடும். துன்பம் தீர்ந்தது என்று நோயாளி ஆறுதல் அடையும் அந்நாட்களில், குருதியோட்டம் அற்றுப்போனதால் உடலின் எதிர்ப்பாற்றல் எட்டாத அந்தக் கால்வாய்களுக்குள் நுண்ணங்கிகள் தடையின்றிப் பெருகி, வேர் நுனியைத் தாண்டித் தாடையெலும்பை அரிக்கத் தொடங்குகின்றன. எக்ஸ்றே படத்தில் வேர் நுனியைச் சூழ்ந்து கருநிழலாகத் தெரிவது அவ்வாறு அரிக்கப்பட்ட எலும்பே. சில வேளைகளில் அது சீழ்க்கட்டியாக மாறி முகத்தையும் கழுத்தையும் வீங்கச் செய்து உயிருக்கே இடர் விளைப்பதுண்டு. வலி இருந்த காலத்திலும் வலி நின்ற காலமே நோய் மிகுந்த காலமாகின்றது.

வேர்ச் சிகிச்சை இந்நிலையில்தான் உதவுகிறது. விறைப்பு ஊசி போட்டு, பல்லின் மேற்புறத்தில் துளையிட்டு, மயிரிழை போன்ற அரங்களால் கால்வாய்களைத் துப்புரவாக்கி, சோடியம் ஐப்போகுளோரைட்டு என்னும் கிருமிநீக்கிக் கரைசலால் மீண்டும் மீண்டும் கழுவி, வெறுமையான கால்வாயைக் குட்டாபெர்ச்சா என்னும் பொருளால் நிரப்பி அடைப்பர். குட்டாபெர்ச்சா மலாயா நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து பெறப்படுவது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும் அது ஒரு காலத்தில் பயன்பட்டது. ஊசிக்குரிய லிக்னோகெயின் மருந்தைச் சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரன் 1943ஆம் ஆண்டு உருவாக்கினார். அழற்சியுற்ற இழையம் அமிலத்தன்மை கொள்வதால், வலி மிகக் கொடிதாயிருக்கும் பல்லில் இம்மருந்தும் முழுமையாகப் பற்றாது போவதுண்டு. எனவே ஓரளவு நோவைத் தாங்கியே நோவிலிருந்து விடுபடவேண்டிய நிலை இன்றும் சிலருக்கு நேர்கிறது. நோய்க்கு அடிப்படை நுண்ணங்கியே என்பது 1965ஆம் ஆண்டு ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் மூவர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வால் உறுதிப்பட்டது: அவர்கள் எலிகளின் பற்கூழைத் துளையிட்டுத் திறந்து வைத்தபோது, சாதாரண எலிகளில் அது அழுகி இறந்தது, நுண்ணங்கி எதுவும் அணுகாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளிலோ திறந்த துளைக்கு மேல் புதிய பன்முதல் படிந்து காயம் தானே ஆறியது.

இனி வினைக் கொள்கை. சைவசித்தாந்தம் உயிரைப் பற்றிய கட்டுகளை ஆணவம், கன்மம், மாயை என மூன்றாகக் கூறும். ஆணவம் உயிரின் அறிவை மறைக்கும் அநாதியான இருள். மாயை உடலுக்கும் உலகுக்கும் மூலப்பொருள். கன்மம் என்பது உயிர் செய்த நல்வினை தீவினைகளின் திரட்சி. இக்கன்மம், பல பிறவிகளில் ஈட்டப்பட்டுக் குவிந்து கிடக்கும் சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவிக்கென்று பகுக்கப்பட்டு நுகர வந்த பிராரத்தம், இப்போது நுகரும்போதே புதிதாக ஈட்டப்படும் ஆகாமியம் என மூவகைப்படும். பல்வலி பிராரத்தம் என்றால் அதை நுகர்ந்தன்றோ கழிக்க வேண்டும், மருந்தால் தடுத்தால் அவ்வினை எஞ்சி நிற்காதா என்பது எதிர்வழக்காடுவோர் கூற்று.

இக்கூற்றின் குறை, பிராரத்தத்தின் அளவை நுகரும் முன்னரே அறிந்ததாகப் பேசுவதில் உள்ளது. ஒருவனுக்கு வரவேண்டிய துன்பம் மூன்று இரவு வலியோ, முப்பது ஆண்டு வலியோ என்பதை அவன் நுகர்ந்து முடித்த பின்னரன்றி எவரும் சொல்ல இயலாது. வலி பிராரத்தத்தால் வந்ததென்றால், அவ்வலியைத் தீர்க்கும் வைத்தியர் கிட்டும் தொலைவில் இருந்ததும், மருந்து பலித்ததும், பல் தப்பியதும் அதே பிராரத்தத்தின் பகுதிகளே. துன்பத்தை மட்டும் வினைக் கணக்கில் எழுதி, அதன் நீக்கத்தைக் கணக்குக்கு வெளியே வைப்பதற்குச் சித்தாந்த நூல்களில் ஆதாரம் இல்லை. மேலும் வினை என்பது சித்தாந்தப்படி அறிவற்ற சடப்பொருள். அது தானாகவே வந்து உயிரைப் பொருந்தும் ஆற்றலற்றது, இறைவனே அதன் பயனை உணவு, இடம், காலம், பிற உயிர்கள் முதலிய வாயில்களின் வழியே கூட்டுவிக்கிறான். இவ்வாறு கொண்டால், பல்லில் நுண்ணங்கியைக் கண்ட ஆய்வு வினைக் கொள்கையை மறுப்பதுமன்று, வினைக் கொள்கை அவ்வாய்வைத் தேவையற்றதாக்குவதுமன்று. நோய் எவ்வாறு விளைகிறது என்பதை ஒன்று கூறுகிறது. உயிர் ஏன் இன்ப துன்பங்களுக்கு உரியதாய் நிற்கிறது என்பதை மற்றொன்று கூறுகிறது.

சைவ மரபே இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட இடம் ஒன்று உண்டு. ஈழத்துத் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடிய திருஞானசம்பந்தர், கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியதென்றும், அதன் பொருட்டே திருநீலகண்டப் பதிகம் எழுந்ததென்றும் பெரியபுராணம் கூறும். அப்பதிகத்தின் தொடக்கத்திலே, இத்துன்பம் இன்ன வினையால் வந்ததென்று விளக்கஞ் சொல்லிக்கொண்டு, அதிலிருந்து உய்யும் வழியைத் தேடாமல் வாளாவிருப்பதே குறைபாடு என்னும் கருத்தைச் சம்பந்தர் தம் கூட்டத்தாரை நோக்கியே முன்வைக்கிறார். வினை உண்மை என்பதை அவர் மறுக்கவில்லை. அவ்வுண்மையைச் செயலின்மைக்குச் சான்றாக்குவதையே மறுக்கிறார். ஏழாம் நூற்றாண்டின் அக்குரலுக்குப் பின்னும், நோயில் கிடப்பவனின் தலைமாட்டில் நின்று எல்லாம் அவன் வினை என்று சொல்லிப் போகும் வழக்கம் சைவ ஊர்களில் முற்றாக ஒழியவில்லை என்பது வருந்தத்தக்கது. வினைக் கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தானே நோக்குவதற்கு உரிய கண். பிறன் துன்பத்தை நோக்குமிடத்து அவனுக்குரிய கடமை இரக்கமே, ஏனெனில் உதவக்கூடிய இடத்தில் உதவாமை அவனுக்கே ஆகாமியமாய் ஏறுகிறது. இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடபகுதிக்கு மருந்துப் பொருட்களின் வரத்துக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில் அம்மக்கள் தாங்கிய வலிகளுக்கெல்லாம் பிராரத்தம் என்று சமாதானம் கூறுவது, மனிதர் இழைத்த குறையை இறைவன் மேல் ஏற்றுவதாகும்.

திருநாவுக்கரசர் வரலாறு இவ்விடத்தில் ஒரு சிக்கலைத் தருகிறது. அவரைப் பற்றிய சூலைநோய், தமக்கையார் திலகவதியாரின் வேண்டுதலுக்கு இரங்கி அவரை ஆட்கொள்ளும் பொருட்டு இறைவனே கொடுத்ததென்று பெரியபுராணம் கூறுவதால், வலியே அருளின் கருவியாகிறது. ஆயின், அருளாய் வந்த வலியை மருந்தால் தடுக்கலாமா? அவ்வரலாற்றை முழுமையாக நோக்கினால், அவர் சூலையைத் தீர்க்க முதலில் சமணத் துறவியரின் மருந்தையும் மந்திரத்தையும் நாடினார், அவை பயன்படாதபோது திருவதிகைக்கு வந்தார், அங்கே பதிகம் பாட நோய் நீங்கியது. நிவாரணம் தேடியதற்காக அவர் எவ்விடத்தும் குறைகூறப்படவில்லை என்பதும், வலி தன் வேலை முடிந்ததும் நிறுத்தப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கன. இறைவன் துன்பத்தின் வழியாகச் செய்யும் இவ்வருளைச் சித்தாந்திகள் மறக்கருணை என்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறைவன் இன்பதுன்பங்களை நுகரச் செய்து வினையை அறுப்பதற்கு மருத்துவனையே உவமையாக்கி, அன்போடு அறுத்தும் கீறியும் சில நோய்களையும், பாலும் கட்டியும் கொடுத்துச் சில நோய்களையும் அவன் தீர்ப்பதைக் கூறுகிறது. மருத்துவம் வினைக்கு எதிரான செயல் என்று அந்நூலாசிரியர் கருதியிருந்தால், இறைவனின் ஐந்தொழிலை விளக்க மருத்துவனின் கத்தியை அவர் எடுத்திருக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்து மருத்துவ மரபும் இதற்கு இசைந்தே நடந்தது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களான செகராசசேகரம், பரராசசேகரம் என்பவற்றையே பெயராகக் கொண்ட மருத்துவ நூல்கள் அங்கே நாட்டு வைத்தியரான பரியாரிமார் கையில் தலைமுறை தலைமுறையாய் வழங்கின. ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரராசசேகரத்தை அச்சேற்றினார். நோய்களுக்கும் முன்வினைகளுக்கும் உள்ள தொடர்பைப் பேசும் அகத்தியர் கன்ம காண்டம் போன்ற நூல்கள் சித்த மருத்துவத்தில் உண்டு. அவையும் வினையைச் சொல்வதோடு நிறுத்தாமல் பரிகாரத்தையும் சொல்கின்றன.

மேலைத்தேச மருத்துவம் வந்தபோதும் இவ்விசைவு தொடர்ந்ததை 1822ஆம் ஆண்டில் பிறந்த இருவரின் வரலாறு காட்டும். ஒக்டோபரில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, இடையில் சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்த காலம் நீங்கலாக 1873 வரை அங்கே பணியாற்றி, அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மாணவரை மருத்துவராக்கினார். அவர் மேலைத்தேச நூல்களைத் தமிழாக்கிய வரிசையில் அறுவைச் சிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867இல் வெளிவந்தது. கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டு டிசம்பரில் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், மிஷன் சமயத்தை எதிர்த்து நூல்களும் பாடசாலையும் அச்சுக்கூடமும் கண்டு, 1879இல் மறையும்வரை சைவத்துக்கு உழைத்தார். கிறீனுக்கு நோய் தீர்த்தல் தம் சமயத்தைப் பரப்பும் வாயிலுமாகும். யாழ்ப்பாணச் சைவர்களோ அவருடைய மருந்தை ஏற்று, பெரும்பாலும் தம் சமயத்திலேயே நின்றனர். இதனை வெறும் காரியச் சாதுரியம் என்று கொள்வது சரியன்று. உடல் மாயையின் காரியம், அதனைப் பேணும் கருவிகளும் மாயையின் காரியங்களே, அவை எத்திசையிலிருந்து வந்தாலும் உயிர் அவற்றைக் கொண்டு தன் பக்குவத்தை நாடலாம் என்னும் சித்தாந்த நிலைப்பாடு அதற்கு இடந்தந்தது. பின்னாளில் யாழ்ப்பாணத்தார் ஞானியாகப் போற்றிய யோகர் சுவாமி, முதுமையில் 1961ஆம் ஆண்டு இடுப்பெலும்பு முறிந்தபோது வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றார் என்பதும் இம்மரபுக்குப் புறம்பானதன்று.

பல்வலி அறிவு பற்றிய ஒரு நுண்ணிய வினாவையும் எழுப்புகிறது. சித்தாந்த அளவையியலில், அதாவது அறியும் நெறிகளை ஆராயும் பகுதியில், காட்சி என்பது இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காகப் பகுக்கப்படுகிறது. தன்வேதனைக் காட்சி என்பது தனக்குள் எழும் இன்ப துன்பத்தை உயிர் நேரே அறிதல். தனக்கு வலிக்கிறது என்பதில் எவனும் பிழைபட முடியாது. அதில் ஐயத்துக்கும் திரிபுக்கும் இடமில்லை. ஆனால் எந்தப் பல் வலிக்கிறது என்பதில் நோயாளி அடிக்கடி பிழைபடுகிறான். பற்கூழிலுள்ள நரம்பு நார்கள் வலியை அறிவிக்குமேயன்றி இடத்தைத் துல்லியமாகக் காட்டமாட்டா. கீழ்த்தாடைப் பல்லின் வலி காதிலும், மேல்தாடைப் பல்லின் வலி நெற்றிப்பொட்டிலும் தோன்றும், நல்ல பல்லைச் சுட்டி அதைக் கழற்றிவிடும்படி நோயாளி மன்றாடுவதும் உண்டு. ஆகவே பல் வைத்தியர் குளிர்ந்த பொருளைத் தொடுவித்தும், பல்லைத் தட்டியும், எக்ஸ்றே படத்தைப் பார்த்தும் அனுமானத்தால் நோயின் இடத்தைத் துணிகிறார். நுகர்வோனுக்கு மட்டுமே நேரில் தெரியும் ஒன்றின் காரணத்தை, அதனை ஒருபோதும் நுகரமுடியாத இன்னொருவர் அவனினும் தெளிவாக அறிகிறார். உயிர் தன் துன்பத்தைத் தானே அறிந்தாலும் அதன் வேரை அறியாது, அதனை அறிவிக்க வேறோர் அறிவு வேண்டும் என்று சித்தாந்தம் குருவின் இன்றியமையாமை பற்றிக் கூறுவதை விளங்கிக்கொள்ள இது துணைசெய்யும்.

இங்கே யாழ்ப்பாணத்துக் கோயில் வழக்கம் ஒன்றையும் கருதவேண்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் முருகனடியார் கன்னத்திலும் நாவிலும் அலகு குத்தியும், முதுகில் செடில் குத்தித் தூக்குக்காவடி எடுத்தும் நேர்த்திக்கடன் செலுத்துவர். விறைப்பு ஊசி எதுவுமின்றிக் கன்னத்தில் வேலேந்தி நின்ற அதே அடியவர், பல்லுக்கொதி வந்தால் வைத்தியசாலைக்குச் சென்று ஊசி கேட்பதில் முரண்பாடு இல்லையா என்று வினவுவோர், வலி என்பது நரம்பில் ஓடும் செய்தி மட்டுமே என்று எண்ணிவிடுகின்றனர். அலகின் வலி நோன்பிருந்து, நாள் குறித்து, பறை முழங்க, உற்றார் சூழ, ஒருவர் தாமே ஏற்றுக்கொண்டு இறைவனுக்கு அளிப்பது. அதன் தொடக்கமும் முடிவும் அவர் அறிந்தவை. பல்வலி எவருக்கும் அளிக்கப்படுவதன்று. அது கேளாமல் வந்து, உணவையும் உறக்கத்தையும் கெடுத்து, ஐந்தெழுத்தை எண்ணவும் விடாமல் மனத்தைத் தன்னிடத்தே கட்டிவைப்பது. ஒன்று உயிரைத் தன்னைக் கடந்து நோக்கச் செய்கிறது, மற்றொன்று ஒரு பல்லின் அளவுக்கு உயிரைச் சுருக்கிவிடுகிறது. எனவே வழிபாட்டுக்குத் தடையான வலியை நீக்கிக்கொள்வது வழிபாட்டுக்குத் துணையே ஆகும். உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதாகும் என்று திருமூலர் கொண்டதற்கும் இதுவே பொருள்.

உணர்ச்சி நீங்கிய பின் வாயில் நிற்கும் பல்லை மக்கள் செத்த பல் என்கின்றனர். உயிருள்ள உடலில் இறந்த உறுப்பு ஒன்றைச் சுமப்பது தூய்மைக்குப் பழுதாகாதா என்னும் ஐயம் ஆசாரத்தில் ஊன்றியவர்க்கு எழக்கூடும். சித்தாந்த நோக்கில் இவ்வையம் நிலைக்காது. கண், செவி, நரம்பு, மனம் ஆகிய யாவும் மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருட்களே. அவற்றில் எதுவும் தானாக உணர்வதில்லை, உயிரே அவற்றை வாயிலாகக் கொண்டு உணர்கிறது. பற்கூழ் இருந்த நாளிலும் பல் உணரவில்லை. உயிர் பல்லின் வழியே உணர்ந்தது. ஆதலால் பற்கூழ் நீங்கியபோது இழந்தது ஒரு வாயிலை மட்டுமே. உடற்கூற்றியலும் இதற்கு அரண் செய்கிறது: வேரைத் தாடையெலும்போடு பிணைக்கும் நார்கள் தமக்கெனக் குருதியும் நரம்பும் உடையனவாய் உயிர்த்திருப்பதால், அப்பல் கடிக்கும்போதுள்ள அழுத்தத்தை உயிர் இன்னும் அறிகிறது, மெல்லுவதற்கு அப்பல் முன்போலவே பயன்படுகிறது.

உயிரற்ற ஒரு பல்லின் மதிப்பு என்ன என்னும் வினா யாழ்ப்பாண வரலாற்றில் ஒருமுறை அரசியலாகவே வெடித்தது. 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயப் பிரதியரசர் கொன்ஸ்தந்தீனு தெ பிரகன்சா யாழ்ப்பாண இராச்சியத்தின் மீது படையெடுத்தபோது, புத்தரின் பல் எனப்பட்ட ஒன்று அவர் படையின் கையில் சிக்கியது. பெகு நாட்டு மன்னர் அதற்குப் பெருந்தொகை தர முன்வந்தும், கோவாவில் கத்தோலிக்கப் பேராயர் அதனை உரலில் இடித்துத் தீயிலிட்டு ஆற்றில் விடச் செய்தார். உண்மையான தந்ததாது தம்மிடமே இருந்ததென்பது சிங்கள பௌத்த மரபின் துணிபு. சைவமோ தகனத்தின் பின் எஞ்சும் எலும்பையும் பல்லையும் கீரிமலைக் கடலில் கரைத்துவிடும். ஒரு சமயம் பேழையில் வைப்பதை மற்றொன்று அழிக்கிறது, இன்னொன்று நீரில் விடுகிறது. பல்லின் மதிப்பு அதனைச் சார்ந்த அறிவால் வருவதேயன்றிப் பல்லிலிருந்து வருவதன்று என்பதை இம்மூன்று செயல்களும் தத்தம் வழியில் உணர்த்துகின்றன.

இரண்டாவது வினா இன்னும் எஞ்சியுள்ளது. உணர்ச்சியின்மையும் நலமும் ஒன்றா? சித்தாந்தம் உயிரின் நிலைகளைக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்றாகப் பகுக்கும். கேவலத்தில் உயிர் ஆணவ இருளில் தனித்துக் கிடக்கிறது. அங்கே உடலும் கருவிகளும் இல்லை, ஆகவே இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. சகலத்தில் மாயை தந்த உடலோடு கூடி உயிர் இன்பதுன்பங்களை நுகர்கிறது. துன்பமின்மையே நலமென்றால் கேவலம் சகலத்திலும் உயர்ந்ததாக வேண்டும். சித்தாந்தமோ கேவலத்தையே உயிரின் மிகத் தாழ்ந்த நிலையாகவும், வலி பொருந்திய சகலத்தை அதிலிருந்து ஏறும் படியாகவும் கொள்கிறது. முத்தியில் உயிர் கல்லைப்போல் எவ்வுணர்வுமின்றிக் கிடக்கும் என்று கொண்ட பாடாணவாதிகளை உமாபதி சிவாசாரியார் 1313ஆம் ஆண்டைத் தன்னகத்தே குறிக்கும் சங்கற்ப நிராகரணத்தில் மறுத்ததும் இக்கருத்தை நிறுவுதற்கே. வலி நின்றுவிட்ட, உள்ளே அழுகிக்கொண்டிருக்கும் பல் கேவலத்தின் இயல்பை ஒருவாறு காட்டுகிறது: துன்பம் தோன்றாத அக்காலத்தில் கேடு வளர்கிறது, கேட்டை அறியும் வாயிலும் அடைபட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டை உணராமையால் விளையும் தீங்கு நூல்களோடு நின்றுவிடுவதன்று. வேர்ச் சிகிச்சைக்கு வருவோரில் முதல் அமர்வோடு வலி தணிந்ததும் எஞ்சிய அமர்வுகளுக்கு வராமல் நின்றுவிடுவோர் எங்கும் உண்டு; பேருந்துச் செலவும் நாட்கூலி இழப்பும் அதற்குத் துணையாகின்றன, அவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. ஆயினும் பற்கூழ் அகற்றப்பட்டுக் கால்வாய் அடைக்கப்படாத பல்லில், தற்காலிக அடைப்பு தேய்ந்ததும் உமிழ்நீரோடு நுண்ணங்கிகள் மீண்டும் குடிபுகுகின்றன. அகற்றல் முதற்பாதி, நிரப்பல் மறுபாதி, அதன்மேல் கடைவாய்ப் பல் பிளவாமல் காக்கப் பெரும்பாலும் ஒரு மூடியும் வேண்டும். சித்தாந்த நூலான சிவஞானபோதமும் பத்தாம் சூத்திரத்தில் பாசநீக்கத்தையும் பதினோராம் சூத்திரத்தில் சிவப்பேற்றையும் தனித்தனியே வைத்தது; கட்டு நீங்குதலே முடிவென்றால் பதினொன்றாவதற்குத் தேவை இராது. அதன் பின்னும் பன்னிரண்டாம் சூத்திரம் மலங்கழுவி அடியாரோடு கூடி வழிபட்டு வாழ்வதைக் கூறுகிறது, ஏனெனில் பெருங்காயம் எடுத்த பாண்டத்தில் மணம் நிற்பதுபோல மலம் நீங்கினவனிடத்தும் அதன் வாசனை எஞ்சி நிற்கும் என்பது உரையாசிரியர் கொள்கை. வேர்க் கால்வாய்களிலிருந்து கிளைக்கும் நுண்ணிய வழிகளில் அரமோ கரைசலோ எட்டாத மூலைகள் உண்டு என்றும், அங்கே எஞ்சும் நுண்ணங்கிகளை முற்றாக அழிக்க இயலாது என்றும், அவை ஊட்டமின்றி ஒடுங்கும்படி இறுக அடைத்துச் சில காலத்துக்குப் பின் மீண்டும் எக்ஸ்றே எடுத்து எலும்பு நிரம்பியதா என்று பார்ப்பதே செய்யக்கூடியது என்றும் பல் வைத்தியர் கூறுவர். வலி இல்லாத அந்த நாளிலும் நோயாளி திரும்பி வரவேண்டும். அவர் வருவதற்கு வேண்டிய வழிச்செலவும் மருந்தும் இருக்கையும் கிட்டச் செய்வது அவரைச் சூழ்ந்தவர்களின் கடன்.